மினிமம் டியூ மட்டும் கட்டி வந்தால் கடன் தீருமா?

கேள்வி: கிரெடிட் கார்டில் 1,00,000 பாக்கி, மாதம் 3% வட்டி. தனிநபர் கடன் 2,00,000, வருட வட்டி 14%. நண்பரிடம் வட்டியில்லாமல் வாங்கியது 20,000. தவணை எதுவும் தவறியதில்லை. ஆனால் 20ஆம் தேதிக்குள் சம்பளம் தீர்ந்து, மறுபடி கார்டைத் தேய்க்கிறேன். புதுக் கடன் வாங்கி எல்லாவற்றையும் அடைத்துவிடலாமா? கடன் ஆலோசகரிடம் போனால் பயன் உண்டா?

பதில்: தவணை தவறாமல் கட்டுகிறீர்கள், நல்லது. கார்டில் கட்டுவது மினிமம் டியூ, அதாவது பில்லில் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை மட்டும்தானா என்று பாருங்கள். பிரச்சினை பெரும்பாலும் அங்கேதான்.

மாதம் 3% என்றால் கேட்கக் குறைவாகத் தெரியும். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். பாக்கியில் 5% மட்டும் கட்டி வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடத்தில் ஏறத்தாழ 55,000 கட்டியிருப்பீர்கள். கடன் குறைந்திருப்பது 23,000 மட்டுமே. அதுவும் கார்டில் புதிதாக எதுவும் வாங்காமல் இருந்தால். பாக்கி நிற்கும்போது பெரும்பாலான கார்டுகளில் வட்டியில்லா அவகாசம் கிடையாது. இன்று தேய்க்கும் தொகைக்கு இன்றிலிருந்தே வட்டி ஓடும். இதே கடனுக்கு மாதம் 10,000 கட்ட முடிந்தால் ஒரு வருடத்தில் ஏறக்குறைய முடிந்துவிடும்.

அந்தப் பணத்துக்கு எங்கே போவது? ஒரு மாதம் எல்லாச் செலவையும் எழுதுங்கள். அன்றாடச் செலவைப் பலரும் சரியாகவே கணக்கிடுகிறார்கள். பட்ஜெட்டை உடைப்பது காப்பீட்டு பிரீமியம், படிப்புக் கட்டணம், வண்டி ரிப்பேர் மாதிரி எப்போதாவது வருபவை. அவற்றின் வருட மொத்தத்தை 12ஆல் வகுத்து, சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். அவசரத்துக்குக் கொஞ்சம் கையிருப்பும் வேண்டும். இல்லையென்றால் திரும்பவும் கார்டுதான். இதற்கெல்லாம் ஒதுக்கிய பிறகு மிஞ்சுவது முழுக்கக் கார்டுக்கு. தனிநபர் கடனுக்கு வழக்கமான தவணை போதும். நண்பரிடம் நிலைமையைச் சொல்லி, சிறு தொகையானாலும் சொன்ன தேதியில் கொடுங்கள்.

புதுக் கடன் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், கார்டு பாக்கியை அடைக்க மட்டும் வாங்குங்கள். 14 சதவீதக் கடனை அதே வட்டியில் இன்னொரு கடன் வாங்கி மூடுவதில் லாபமில்லை. மாதத் தவணை குறைவு என்பதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். செயல்முறைக் கட்டணத்தையும் சேர்த்து, கடைசிவரை மொத்தம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று பாருங்கள். கடனை மாற்றியதும் கார்டைப் பூட்டி வைக்க வேண்டும். முடியாதென்றால் இந்த வழியே வேண்டாம், ஆறு மாதத்தில் இரண்டு கடனும் கழுத்தை நெரிக்கும்.

ஆலோசகரால் பயன் உண்டு. நல்லவராக இருந்தால் முதல் சந்திப்பில் உங்கள் வரவு செலவைத்தான் பேசுவார். சம்பளச் சீட்டு, மூன்று மாத வங்கி, கார்டு ஸ்டேட்மெண்ட், கடன் ஒப்பந்தம் எல்லாம் எடுத்துப் போங்கள். வீட்டில் மறைத்திருக்கும் கடன் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், தயங்க வேண்டாம். வட்டியைக் குறைக்கவோ தவணைக் காலத்தை நீட்டவோ வங்கியிடம் எப்படிக் கேட்பது என்று அவர் வழிகாட்டுவார். தவணை தவறும் முன்பே கேட்பவர் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

உங்களுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள், கடன் வாங்கிக் கொடுத்தால் கமிஷன் உண்டா என்று அவரிடம் நேராகவே கேளுங்கள். “தவணை கட்டுவதை நிறுத்துங்கள், பாதித் தொகையில் முடித்துத் தருகிறேன், முதலில் கட்டணம் கட்டுங்கள்” என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நிறுத்திய மாதங்களுக்கு அபராதமும் வட்டியும் உங்கள் தலையில்தான் ஏறும். பாதியில் முடித்த கடன், முழுதாகக் கட்டிய கடனாகக் கடன் வரலாற்றில் பதிவாகாது. அடுத்து வீட்டுக் கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும்.