நின்றால் போய்விடும் வலி

தினமும் ஓடுகிற நீங்கள் மருத்துவனான எனக்கு அனுப்பிய கடிதத்தில், முழங்காலில் கேட்கும் சத்தம், ஓடும்போது கைக்கடிகாரம் சிவப்பில் காட்டும் இதயத் துடிப்பு எண், குறைந்துபோன வேகம், காலை விறைப்பு என்று ஒன்பது கேள்விகளை எண் போட்டு எழுதியிருக்கிறீர்கள். பத்தாவதாக ஒன்று இருக்கிறது. அதற்கு எண் போடவில்லை. ஆறாவது கேள்விக்கு நடுவே, அடைப்புக்குறிக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது: "ஒரு மாதமாக, ஓடத் தொடங்கிய பத்து நிமிடத்தில் நடு மார்பில் லேசான இறுக்கம், சில நாள் இடது தாடையிலும்; வேகத்தைக் குறைத்தால் ஓரிரு நிமிடத்தில் போய்விடும், வாயுவாக இருக்கலாம்." இரண்டு பத்தி தள்ளி, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல, அப்பா 53 வயதில் மாரடைப்பில் போனதையும் உங்களுக்கு இப்போது 54 நடப்பதையும் சொல்கிறீர்கள்.

சம்பந்தம் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். மருத்துவரிடம் போனால் ஓடவே கூடாது என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில்தான் அதை அடைப்புக்குறிக்குள் போட்டீர்கள்.

பரிசோதனை முடியும்வரை ஓட வேண்டாம். ஓரிரு நாளுக்குள் இதய மருத்துவரைப் பாருங்கள். இதைத் தனிப்பட்ட முறையிலும் உங்களுக்கு எழுதிவிட்டேன். இந்தப் பதில் வெளியாகும்வரை காத்திருக்கும் விஷயம் இல்லை இது. மீதியை, இதே அடைப்புக்குறியைத் தங்கள் மனத்தில் போட்டு வைத்திருக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

கடிதத்தைப் படித்தே இதய நோய் என்று நான் முடிவு கட்ட முடியாது. வாயு என்று முடிவு கட்ட உங்களாலும் முடியாது. ஆனால் இந்த வலிக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது: உழைத்தால் வருகிறது, ஓய்ந்தால் போகிறது. வாயுவுக்கு இந்த ஒழுங்கு கிடையாது. அது சாப்பாட்டைப் பார்க்கும், படுத்திருப்பதைப் பார்க்கும். நீங்கள் எத்தனையாவது நிமிடத்தில் எந்த வேகத்தில் ஓடுகிறீர்கள் என்று பார்க்காது. பல்லும் பார்க்காது. பல் மருத்துவர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகும், ஓடும்போது மட்டும் தாடை வலிக்கிறதென்றால், அது பல்லின் வலியாக இருக்க வாய்ப்புக் குறைவு. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் குறுகியிருந்தால், சும்மா இருக்கும்போது தேவையான அளவு போய்ச் சேர்ந்துவிடும். ஓடும்போது தேவை பல மடங்கு கூடும்; குழாயால் ஈடுகொடுக்க முடியாது. அந்தப் பற்றாக்குறைதான் இறுக்கமாகத் தெரிகிறது. வேகத்தைக் குறைத்ததும் தேவை குறைகிறது, இறுக்கமும் விடுகிறது.

இந்த வலிக்கு ஆஞ்சைனா என்று பெயர் வைத்தவர் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன். 1768இல் அவர் கொடுத்த விவரிப்பை இன்றைக்கும் பெரிதாகத் திருத்த வேண்டியதில்லை: நடக்கும்போது, குறிப்பாக மேடேறும்போது பிடிக்கும், நின்ற மாத்திரத்தில் விட்டுவிடும். அப்போது ஈசிஜி கிடையாது, ஸ்கேன் கிடையாது. நோயாளி சொன்னதைக் கவனமாகக் கேட்டார், அவ்வளவுதான்.

நானும் கேட்கிறேன், கூடவே கையையும் பார்க்கிறேன். எங்கே வலிக்கிறது என்றால், தசைப்பிடிப்புக்காரர் பெரும்பாலும் ஒற்றை விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுவார். இதயக்காரரின் கை பல சமயம் தானாக முஷ்டியாகி நடு மார்பில் போய் உட்காரும். வலி என்ற சொல்லைக்கூட ஏற்கமாட்டார். "வலி இல்லை டாக்டர், ஒரு மாதிரி அழுத்துகிறது" என்பார்.

வேகத்தைக் குறைத்து இறுக்கம் விட்டபின் எத்தனை தூரம் வேண்டுமானாலும் ஓட முடிகிறதே, இதயம் கெட்டிருந்தால் முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியும். முதல் இறுக்கத்துக்குப் பிறகு இதயம் ஓரளவு பழகிக்கொண்டு, அடுத்த சுற்றில் வலியில்லாமல் வேலை செய்வது நாங்கள் அடிக்கடி பார்ப்பது. குழாய் குறுகியபடியேதான் இருக்கும். போன வருடம் எடுத்த ஈசிஜி நன்றாக இருந்ததும் எனக்கு ஆறுதல் தரவில்லை. அது படுத்துக்கொண்டு எடுத்தது. உங்களுக்கு வருவது ஓடும்போது. டிரெட்மில்லில் ஓடவிட்டு ஈசிஜி பார்ப்பதா, இதயத்தை ஒலி அலையால் படம்பிடிக்கும் எக்கோவா, ரத்தக் குழாய்களை ஸ்கேனில் பார்க்கும் சிடி ஆஞ்சியோகிராமா என்பதை இதய மருத்துவர் தீர்மானிக்கட்டும். எதைக் கேட்டு வாங்குவது என்று இணையத்தில் தேடிப் பட்டியல் போட வேண்டாம்.

இத்தனை வருடமாக ஓடுகிறவனுக்கு இது வருமா என்பது உங்கள் அடுத்த வாதம். அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்களை ஓட வைத்த ஜிம் ஃபிக்ஸ் 1984இல் ஓட்டத்தின்போதே இறந்தார். வயது 52. பிரேதப் பரிசோதனையில் இதய ரத்தக் குழாய்களில் கடுமையான அடைப்பு தெரிந்தது. அவருடைய அப்பாவும் 43 வயதில் மாரடைப்பில் இறந்தவர். ஓட்டம்தான் அவரைக் கொன்றது என்று அன்றைக்கு ஓடாத பலர் மகிழ்ச்சியோடு சொல்லிக்கொண்டார்கள். 35 வயதில் ஓடத் தொடங்கும் முன் ஃபிக்ஸ் உடல் பருத்து, நிறையப் புகைத்தவர். ஓட்டம் அவருக்குச் சில வருடங்களைக் கூட்டிக் கொடுத்திருக்கவும் கூடும். எது எப்படியோ, ஓட்டம் பரம்பரையை அழித்துவிடாது. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55க்கு முன், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65க்கு முன் இதய நோய் வந்திருந்தால் எங்கள் கணக்கே வேறு.

இனி, ஓடவே கூடாதா என்ற பயத்துக்கு வருகிறேன். என்னிடம் வந்த ஒருவர் தினமும் ஒரே விளக்குக் கம்பத்தருகே நின்று குனிந்து ஷூ லேஸ் கட்டுவாராம். லேஸ் அவிழ்ந்திருக்காது. கூட ஓடுகிறவர்களுக்குச் சந்தேகம் வந்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு குழாயில் பெரிய அடைப்பு, குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்தோம். சில வாரம் மேற்பார்வையில் நடந்தார், பிறகு மெல்ல ஓடினார், இப்போது வாரத்துக்கு நான்கு நாள் ஓடுகிறார். ஹெபர்டனே தினமும் அரை மணி நேரம் மரம் அறுத்து ஏறக்குறையக் குணமான ஒருவரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். எல்லோருக்கும் இப்படியே அமையும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் இதய நோய் என்றதும் நாற்காலியில் உட்கார்த்திவைக்கும் காலம் போய்விட்டது.

அதற்குள் ஒரே ஓர் எச்சரிக்கை. இறுக்கம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வந்தாலோ, ஐந்து நிமிடம் ஓய்ந்தும் போகாவிட்டாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, மயக்கம் வந்தாலோ உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

மற்ற கேள்விகள். வலியோ வீக்கமோ இல்லாமல் முழங்காலில் சத்தம் மட்டும் வந்தால் மறந்துவிடுங்கள். காலை விறைப்பு அரை மணிக்குள் விடுகிறது என்கிறீர்கள், அதையும் மறந்துவிடுங்கள். வேகம் குறைவதில் ஒரு பங்கு வயதுடையது: நிமிடத்துக்கு இத்தனை என்ற இதயத் துடிப்பின் உச்சம், ஆண்டுக்கு ஒரு துடிப்புக்குச் சற்றுக் குறைவாக இறங்கிக்கொண்டே வரும், யாரும் தடுக்க முடியாது. அந்த உச்சத்தை அறிய 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு ஒரு குத்துமதிப்பு. ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடலாம், குறையலாம். மணிக்கட்டுக் கடிகாரங்கள் சில நேரம் நாடியை விட்டுவிட்டுக் காலடியை எண்ணத் தொடங்கும். நிமிடத்துக்கு 170 அடி வைக்கிறவருக்கு 171 காட்டினால் எனக்கு அந்தச் சந்தேகம்தான் முதலில் வரும். நடு மார்பு இறுகியதற்கு வாயு மாத்திரை, கடிகாரம் சிவந்ததற்கு மூன்று இரவு தூக்கமில்லாமல் இணையத் தேடல். நியாயமா இது?

ஓடும் முன் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை விழுங்குவதை இன்றோடு நிறுத்துங்கள். உடலில் நீர் வற்றும் நேரத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை அது குறைக்கும், இரைப்பையைப் புண்ணாக்கும், மாரடைப்பு வாய்ப்பையும் கூட்டும். உங்களைப் போன்றவருக்கு அந்த மூன்றாவதுதான் முக்கியம். போதாததற்கு, நின்று கவனிக்க வேண்டிய வலியையும் அது மறைத்துவிடும்.

அனுமதி கிடைத்த பிறகு எப்படி ஓடுவது? நள்ளிரவில் படுத்து நான்கு மணிக்கு எழுந்து வாரம் ஆறு நாள் ஓடுவதைக் கட்டுப்பாடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான்கு மணி நேரத் தூக்கத்தின் மேல் எந்தப் பயிற்சியும் நிற்காது. பத்தரைக்குப் படுக்க முடிகிற நாள்களை எண்ணுங்கள். ஓட்டம் அந்த நாள்களுக்கு மட்டும். அது மூன்றே நாளானாலும் குறையில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு. சுறுசுறுப்பான நடை முதல் கணக்கில் சேரும். கூடவே இரண்டு நாள் தசைக்கான பயிற்சி; ஐம்பதுக்கு மேல் ஓடுகிறவர்கள் பெரும்பாலும் தட்டிக்கழிப்பது இதைத்தான். எழுந்த உடனே குனிந்து கால் விரலைத் தொட முயலாதீர்கள். இரவெல்லாம் படுத்திருந்ததில் முதுகெலும்பின் வட்டுகள் (டிஸ்க்) நீர் ஏறி உப்பியிருக்கும், முதல் ஒரு மணி நேரம் அப்படிக் குனிவது அவற்றுக்கு ஆகாது. பத்து நிமிடம் நடந்து, வேகத்தை மெல்ல ஏற்றுங்கள். முழு வாக்கியம் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் குறைத்துக்கொள்ளுங்கள். கடிகாரம் வீட்டில் இருக்கட்டும்.

இதய மருத்துவரைப் பார்க்கும்போது ஒரு வேண்டுகோள். நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்த அடைப்புக்குறி வாக்கியத்தை முதலில் சொல்லுங்கள், அப்பாவின் வயதை இரண்டாவதாகச் சொல்லுங்கள். முழங்காலில் தொடங்கினால் அவரும் உங்களோடு முழங்காலிலேயே நின்றுவிடக்கூடும்.