பார்வையற்ற மாணவருக்குப் பாடநூலை எந்த வடிவில் மாற்றித் தருவது?

கேள்வி: என் தம்பிக்கு முற்றிலும் பார்வை இல்லை. பி.ஏ. வரலாறு படிக்கிறான். கல்லூரியில் தரும் பாடநூல் பிடிஎஃப்களில் சிலவற்றை அவனுடைய ஆண்ட்ராய்டு கைபேசி வாசிப்பதே இல்லை; சிலவற்றை வாசித்தாலும் குளறுகிறது. நானே மாற்றித் தரலாம் என்றிருக்கிறேன். எந்த வடிவம் ஏற்றது? யாரையாவது வாசிக்கச் சொல்லி எம்பி3-யாகப் பதிவு செய்தால் போதாதா?

பதில்: உங்கள் தம்பிக்கு இபப் 3 என்ற மின்நூல் வடிவில் செய்து கொடுங்கள். ஆனால் கோப்பின் வடிவத்தைவிட முக்கியமானது, அதற்குள் எல்லாக் கருவிகளும் புரிந்துகொள்ளும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் பிழையற்ற எழுத்தும் முறையாகக் குறிக்கப்பட்ட தலைப்புகளும் இருக்கின்றனவா என்பதுதான். அவை இல்லாமல் எந்த வடிவுக்கு மாற்றினாலும் இதே குளறுபடிதான் தொடரும்.

முதலில் கையிலிருக்கும் பிடிஎஃப் எந்த வகை என்று பாருங்கள். கணினியில் அதைத் திறந்து, ஒரு பத்தியை நகலெடுத்து, வெற்று வேர்டு கோப்பில் ஒட்டுங்கள். எழுத்தைத் தேர்ந்தெடுக்கவே முடியாவிட்டால், அது பக்கங்களை ஸ்கேன் செய்த வெறும் படம். தொடர்பில்லாத ஆங்கில எழுத்துகளாக வந்து விழுந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. அதில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ ஆகிய நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கோப்பில் இருக்கும், திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானும் அதைத்தான் உச்சரிக்கும். தமிழாகவே வந்தாலும் கொம்பும் காலும் இடம்மாறிக் கிடந்தால், பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்து வரிசை சிதைந்திருக்கிறது என்று பொருள்.

பழைய எழுத்துரு என்றால் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியைக் கொண்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடலாம். படமாக இருந்தாலோ வரிசை சிதைந்திருந்தாலோ, கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் அது எழுத்துகளை அடையாளம் கண்டு உரையாக்கித் தரும். பெரிய நூலை இயல் இயலாகப் பிரித்து ஏற்றுவது நல்லது. பதிப்பகத்தாரிடம் மூலக் கோப்பைக் கேட்டுப் பெற முடிந்தால் இந்த உழைப்பில் பெரும்பகுதி மிச்சமாகும் என்பதால், முதலில் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது மெய்ப்புப் பார்த்தல். அதிக நேரம் எடுப்பது இதுதான். இதில் அவசரப்படக் கூடாது. தமிழில் 'ர'வும் துணைக்காலும் கிட்டத்தட்ட ஒரே வடிவில் இருப்பதால், 'காலம்' என்பது 'கரலம்' ஆகிவிடும். இதைவிட மறைவான பிழை ஒன்றுண்டு: 'சோழர்' என்பதன் இறுதியில் 'ர்' இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும் சேர்ந்து 'சோழா்' என்று நிற்கும். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. வாசிப்புக் குரலோ தடுமாறும், தேடினால் சொல்லும் அகப்படாது. சோழரும் பாண்டியரும் பல்லவரும் நிறைந்த வரலாற்று நூலில் இது பக்கத்துக்குப் பக்கம் வரக்கூடும் என்பதால், வேர்டில் 'ா்' என்பதைத் தேடி 'ர்' என மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் திரும்பத் திரும்ப வரும் நூல் தலைப்பையும், வாக்கியத்தின் நடுவே புகுந்துவிட்ட அடிக்குறிப்புகளையும் அப்புறப்படுத்துங்கள். கண்ணால் பார்த்து முடித்தபின், கைபேசியின் தமிழ்க் குரலில் ஓர் இயலையாவது முழுதாகக் கேளுங்கள். கண் தவறவிட்டதைக் காது பிடித்துவிடும்.

பிறகு இயல் தலைப்புகளுக்கு வேர்டின் 'ஹெடிங் 1' பாணியையும், உட்தலைப்புகளுக்கு 'ஹெடிங் 2' பாணியையும் இடுங்கள். எழுத்தைத் தடிமனாக்கினால் மட்டும் திரைவாசிப்பானுக்கு அது தலைப்பு என்று தெரியாது. பாணி இட்டால்தான் உங்கள் தம்பியால் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவி வேண்டிய பகுதியை அடைய முடியும். வரைபடங்களுக்கு, அவை என்ன காட்டுகின்றன என்று ஓரிரு வரிகளில் மாற்று உரை எழுதுங்கள். வகுப்பில் ஆசிரியர் "எழுபதாம் பக்கம்" என்று சொன்னால் உங்கள் தம்பியும் மற்றவர்களோடு சேர்ந்து அங்கே போக வேண்டும். ஆகவே அச்சு நூலின் பக்க எண்களையும் விட்டுவிடாதீர்கள். பார்வையற்றோர் படிக்கத்தக்க நூல் வடிவங்களை வளர்க்கும் டெய்சி கூட்டமைப்பு இலவசமாகத் தரும் 'வேர்டுடுஇபப்' என்ற கருவி இந்தக் கோப்பை இபப் ஆக்கிவிடும். நூலின் மொழி தமிழ் என்று அதில் குறிக்க மறக்காதீர்கள். கணினியில் படிக்க என்விடிஏ திரைவாசிப்பானுடன் தோரியம் ரீடர் என்ற மின்நூல் செயலியும், கைபேசியில் ஈஸிரீடர் செயலியும் பொருந்தும்; இந்த இரு செயலிகளும் கீழே சொல்லும் டெய்சி வடிவ நூல்களையும் திறக்கும்.

எம்பி3 பற்றிக் கேட்டிருந்தீர்கள். கதையோ கட்டுரையோ கேட்பதற்கு அது இனியதுதான். ஆனால் தேர்வுக்குப் படிப்பவருக்கு ஒலி மட்டும் போதவே போதாது என்பது என் உறுதியான கருத்து. ஒலிப்பதிவில் ஒரு சொல்லைத் தேட முடியாது. ஒரு பெயரில் வருவது 'ன'வா 'ந'வா என்று கேட்டறிய முடியாது. எழுத்து வடிவில் இருந்தால் எழுத்தெழுத்தாக நகர்ந்து பார்க்கலாம், பிரெயில் காட்சிக் கருவி இருந்தால் விரலாலும் படிக்கலாம். மனிதக் குரலே வேண்டுமென்றால் டெய்சி வடிவம் இருக்கிறது. 1996-இல் தொடங்கிய டெய்சி கூட்டமைப்பு வளர்த்தெடுத்த அந்த வடிவில், ஒலியை இயல், உட்தலைப்பு, பக்கம் வாரியாகக் கடந்து செல்லலாம். எழுத்தையும் ஒலியையும் சேர்த்தே தரவும் முடியும். வீட்டில் ஒருவர் தனியாக உருவாக்குவதற்கு அது சற்றுக் கடினம். அதனால்தான் இபப் என்றேன்.

இவ்வளவையும் தொடங்குமுன், அந்த நூல் ஏற்கெனவே மாற்றப்பட்டிருக்கிறதா என்று 2016-இல் தொடங்கப்பட்ட சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகத்தில் தேடுங்கள். மாற்றுத்திறனாளிச் சான்றிதழைக் கொண்டு அதில் உறுப்பினராகலாம்.

பதிப்புரிமை பற்றிய அச்சம் வேண்டாம். 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(இசட்பி) பிரிவு, மாற்றுத்திறனாளிகளின் சொந்தப் பயன்பாட்டுக்கும் கல்விக்கும் ஆய்வுக்கும் இத்தகைய படிகளை யார் வேண்டுமானாலும் உருவாக்கவும், அவர்களோடு பகிர்ந்துகொள்ளவும் அனுமதிக்கிறது. லாப நோக்கம் இருக்கக் கூடாது. பார்வையற்றோருக்காக நூல்களை மாற்றித் தரப் பதிப்புரிமையில் விலக்கு அளிக்கும் மராகேஷ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான். ஆகவே உங்கள் தம்பியின் கல்லூரியில் பார்வையற்ற மாணவர் வேறு எவரேனும் இதே பாடம் படித்தால் அவருக்கும் ஒரு படி கொடுங்கள். திருத்தி முடித்த வேர்டு கோப்பையும் அழிக்காமல் வைத்திருங்கள். பிரெயிலில் அச்சிடவும், குறைபார்வை உள்ளவருக்குப் பெரிய எழுத்தில் எடுக்கவும் அந்தக் கோப்பே தேவைப்படும்.