மகனுக்கு முட்டை ஒத்துக்கொண்டது, அம்மாவுக்கு இறால் ஏன் ஆகவில்லை?

கேள்வி: ஒரு வயதில் முட்டை கொடுத்ததும் என் மகனுக்கு உடம்பெல்லாம் தடித்துச் சிவந்தது. இப்போது 6 வயது. கேக் சாப்பிட்டால் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்முகிறான். எனக்கு 38 வயது, பல வருடமாகத் தூசித் தும்மல் உண்டு. சிறுவயது முதல் சாப்பிட்ட இறால், போன மாதம் உதட்டை வீங்க வைத்துவிட்டது. இந்த வயதில் புதிதாக ஒவ்வாமை வருமா? — ஈஷூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்: வரும். இறால், நண்டு ஒவ்வாமை பெரியவர்களிடம் புதிதாகத் தலைகாட்டுவது சகஜம். வந்தால் பெரும்பாலும் போகாது. முட்டையும் பாலும் அப்படியல்ல. வளர வளரப் பல பிள்ளைகளுக்கு அவை ஒத்துக்கொள்ளும். வேர்க்கடலையில் ஐந்தில் ஒரு பிள்ளைக்குத்தான் அந்த அதிர்ஷ்டம்.

ஆனால் கேக்கை நம்பி, காப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டையை மகனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அடுப்புச் சூட்டில் நெடுநேரம் வெந்த முட்டையின் புரதம் உருமாறிவிடும்; வழவழவென்று இருக்கும் முட்டையில் அது அப்படியே இருக்கும். அந்தச் சோதனையை மருத்துவமனையில், மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும். கேக்கை நிறுத்த வேண்டாம்.

அவன் தும்மலுக்குப் பெரும்பாலும் மெத்தைதான் காரணம். கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகளுக்கு நம் ஊர்ப் புழுக்கம் வருடம் முழுக்கத் தோது. காற்றில் வரும் ஒவ்வாமை உடனே வராது. சில வருடம் சுவாசித்த பிறகே உடல் எதிர்க்கத் தொடங்கும். அதனால்தான் உணவு ஒவ்வாமை அடங்கும் வயதில் மூக்கு ஆரம்பிக்கிறது. விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். பச்சைத் தண்ணீரில் உண்ணி சாகாது.

உங்கள் இறாலுக்கும் இந்தத் தூசிக்குமே உறவு இருக்கலாம். டிரோப்போமயோசின் என்ற புரதம் உண்ணி, கரப்பான், இறால் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே சாயலில் இருக்கிறது. தூசியை எதிர்த்துப் பழகிய உடல் இறாலையும் எதிரியாக எடுத்துக்கொள்வதுண்டு.

‘ஒரே ஒரு இறால்’ என்று வீட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள், தயவுசெய்து. நாசி லெமாக் சம்பாலில் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும், அதையும் தவிருங்கள். மூச்சுத் திணறினாலோ, தொண்டை இறுகினாலோ, தலை சுற்றி மயக்கம் வந்தாலோ யோசிக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995.

பலதுறை மருந்தகத்தில் ஒவ்வாமை நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை நிமிடத்தில் வீங்கியது என்று இன்றே எழுதி வையுங்கள். உதட்டைப் படம் எடுத்திருந்தால் அழிக்காதீர்கள். தும்மலுக்கு மாத்திரை போடுபவர் என்றால், தோல் பரிசோதனைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை உடம்பில் இருந்தால் தோல் தடிக்காது, முடிவு தப்பாக வரும்.