ஃப்யூஸ் போகவில்லையே என்றுதான் பயப்பட வேண்டும்

கேள்வி: திருநெல்வேலி டவுனில் ரத வீதிக்குப் பின்னால் உள்ள தெருவில் என் மாமனார் காலத்து வீடு. தார்சாவும் பட்டாசலும் (முன் தாழ்வாரமும் கூடமும்) என் புழக்கத்தில் இருக்கின்றன. பின்பக்கத்து அரங்கையும் (உள்ளறை) அதன்மேல் உள்ள மச்சையும் (மாடி அறை) 7 மாதம் முன்பு ஒரு பையனுக்கு வாடகைக்கு விட்டேன். 'குடியிருப்பதற்கு மட்டும்' என்று 11 மாத ஒப்பந்தம் எழுதி, ஆன்லைனிலும் பதிந்திருக்கிறோம். வந்த மூன்றாம் மாதம் அரங்கில் தட்டு தட்டாக அடுக்கி லெட்டூஸும் குட்டிக் கீரையும் வளர்த்து ஹோட்டல்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தான். 100 வாட் விளக்கு 12, ஒன்றரை டன் ஏசி ஒன்று, தண்ணீர் சுற்றுகிற மோட்டார், ஈரத்தை உறிஞ்சுகிற மெஷின் எல்லாம் ஓடுகின்றன. அடிக்கடி ஃப்யூஸ் போனது. அவன் ஓர் ஆளைக் கூட்டிவந்து கம்பி மாற்றினான். அதற்குப் பிறகு ஃப்யூஸ் போவதே இல்லை, அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனால் சுவிட்ச் போர்டு பக்கம் சுவரில் கை வைத்தால் சுடுகிறது. போன வாரம் இ.பி.யில் இருந்து வந்து பார்த்துவிட்டு, வீட்டு இணைப்பில் தொழில் நடக்கிறது என்று 62,000 ரூபாய்க்கு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். இணைப்பு, காலமான என் கணவர் பெயரில் இருக்கிறது. பையனோ, "வயர் பழசு ஆச்சி, நீங்கதான் மாத்தித் தரணும். நோட்டீசும் உங்க வீட்டுக்காரர் பேருக்குத்தானே வந்திருக்கு" என்கிறான். அவன் பக்கத்து ஃப்யூஸைப் பிடுங்கி வைத்துவிடலாமா? காலி செய்யச் சொல்லலாமா? வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

பதில்:

அம்மா, 'அந்தத் தொல்லை தீர்ந்தது' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை மூன்று தடவை படித்தேன். 62,000 ரூபாய் விவகாரத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தக் கம்பி.

பீங்கான் ஃப்யூஸுக்குள் மெல்லிய கம்பி போடுவது ஒரே காரணத்துக்காக. சுவருக்குள் ஓடுகிற வயர் தாங்காத அளவுக்குக் கரண்ட் இழுத்தால், வயர் கருகுவதற்கு முன்னால் அந்தக் கம்பி உருகி இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அங்கே தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டால் ஃப்யூஸ் போகாதுதான். அதன் வேலையை இப்போது உங்கள் சுவருக்குள் இருக்கும் வயர் செய்துகொண்டிருக்கிறது. கையில் சுடுவது அதுதான்.

நீங்கள் கொடுத்த பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன். விளக்குகள் 1,200 வாட். ஒன்றரை டன் ஏசி சுமார் 1,600 வாட். மோட்டார், ஃபேன், ஈரம் உறிஞ்சும் மெஷின் எல்லாம் சேர்ந்து ஒரு 500 வாட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,300 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் 14 ஆம்பியருக்கு மேல் வருகிறது. அந்தக் காலத்து லைட் பாயிண்ட் 5 ஆம்பியருக்குப் போட்டது. உங்கள் பக்கத்து ஃபிரிட்ஜ், கிரைண்டர், தண்ணி மோட்டார் எல்லாம் இதற்கு மேல். பாபநாசம் மின் நிலையம் 1944இல் வந்தது. அதையொட்டிய தலைமுறையில் மரச் சட்டங்களுக்குள் ரப்பர் உறை வயர் ஓட்டிய வீடுகள் நம் டவுனில் இன்னும் இருக்கின்றன. நாலு பல்பு, ஒரு ஃபேன், ஒரு ரேடியோ என்று கணக்குப் போட்ட வயரிங் அது. அந்த ரப்பர் நாள்பட்டால் இறுகி, வெடித்து உதிரும். கரண்ட் இரண்டு மடங்கானால் வயரில் சூடு நான்கு மடங்காகும். கிரைண்டர் அரை மணி நேரம் ஓடி நின்றுவிடும், வயரும் ஆறிவிடும். கீரை வளர்க்கிற இந்த மாதிரி விளக்குகள் ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வரை எரியும். வயர் ஆறுவதற்கு நேரமே இல்லை.

அரங்கில் ஜன்னல் கிடையாது. மேலே மச்சு, மர உத்திரம். கீழே எந்நேரமும் தண்ணீர். எர்த் இல்லாத பழைய பாயிண்டில் இருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றில் இன்னொன்றாகக் கோத்து இழுத்திருப்பார் என்று பார்க்காமலே சொல்வேன். தீ ஒரு பக்கம், ஷாக் இன்னொரு பக்கம்.

எனவே கடிதம் படித்த அன்றைக்கே செய்ய வேண்டியது: அந்தப் பையனைக் கூப்பிட்டு, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை ஏசியையும் விளக்குகளையும் அவரே அணைக்கச் சொல்லுங்கள். வாயால் சொல்லிவிட்டு அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். 'சுவர் சுடுகிறது, ஃப்யூஸில் தடித்த கம்பி போட்டிருக்கிறது, அதை எடுத்துவிட்டுச் சரியான கம்பி போட வேண்டும்' என்று தேதியோடு இருக்கட்டும். கருகல் வாடை வந்தால் யோசிக்காமல் மெயினை அணைத்துவிட்டு மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, போன் செய்யுங்கள்.

இப்போது நீங்கள் கேட்டது. ஃப்யூஸைப் பிடுங்கலாமா? கூடாது. ஆபத்துக்காக முழு வீட்டு மெயினை அணைப்பது வேறு. காலி செய்ய வைப்பதற்காக அவர் பக்கத்தை மட்டும் இருட்டாக்குவது வேறு. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், மின்சாரம், தண்ணீர் போன்ற அவசியத் தேவைகளை வீட்டுக்காரர் துண்டிப்பதைத் தடை செய்கிறது. அவர் வாடகை அதிகாரியிடம் ஒரு மனு போட்டால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் பதில் சொல்கிற இடத்தில் நீங்கள் நிற்பீர்கள்.

வயரை யார் மாற்றுவது என்பதில் பையன் சொல்வது பாதி சரி. அந்தச் சட்டத்தின் பழுதுபார்ப்பு அட்டவணை, உள், வெளி மின் வயரிங்கை வீட்டுக்காரர் கணக்கிலும், சுவிட்ச், சாக்கெட் போன்ற சில்லறைப் பழுதுகளைக் குடியிருப்பவர் கணக்கிலும் வைக்கிறது. ரப்பர் உதிர்ந்த வயரை மாற்றுவது உங்கள் கடமைதான், அவர் வராமலிருந்தாலும் செய்திருக்க வேண்டியது. ஆனால் நீங்கள் கொடுத்தது குடியிருக்க வீடு. சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, எந்த நோக்கத்துக்கு வாடகைக்கு எடுத்தாரோ அதை விட்டு வேறொன்றுக்கு இடத்தைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. ஒரு குடும்பம் குடியிருக்கத் தேவையான வயரிங்குக்கு நீங்கள் பொறுப்பு. கீரைக்கு 16 மணி நேரம் வெயில் காட்டுவதற்கான வயரிங் அவருடைய தொழில் செலவு. இரண்டையும் ஒரே எஸ்டிமேட்டில் போட்டு உங்கள் தலையில் கட்ட விடாதீர்கள்.

இதற்கு உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரை வைத்து, மெக்கர் போட்டு வயரின் இன்சுலேஷனைச் சோதித்து, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். எந்த அறையில் எந்த வயர், அது எத்தனை ஆம்பியர் தாங்கும், இப்போது எவ்வளவு இழுக்கிறது என்று அதில் இருக்க வேண்டும். ஃப்யூஸில் செம்புக் கம்பி சுற்றிய அந்த 'ஆள்' வேண்டாம். நாளைக்கு வழக்கு என்று வந்தால், ஐந்து சாட்சிகளைவிட இந்த ஒரு தாள் பேசும். புது வேலை செய்யும்போது ஏசிக்குத் தனி லைன், சரியான எம்சிபி, முறையான எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி எல்லாம் வரட்டும். எம்சிபி அதிக லோடைப் பிடிக்கும், ஈரக் கையோடு தொட்டவர் உடம்பு வழியாகக் கசிவதைப் பிடிக்காது. அதற்கு ஆர்சிசிபிதான். 2 கிலோவாட்டுக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு அது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளிலேயே இருக்கிறது.

இனி நோட்டீஸ். அது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தில், அனுமதியில்லாத உபயோகத்தைப் பற்றிய 126ஆம் பிரிவில் வந்ததா என்று பாருங்கள். 135 என்று இருந்தால் அது மின் திருட்டு, முற்றிலும் வேறு கதை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் 126தான். 'தற்காலிக மதிப்பீடு' என்று தலைப்பு இருக்கும். 7 நாளுக்குள் கட்டுவது பற்றி ஒரு வரி வரும். அது மதிப்பீட்டை ஒப்புக்கொள்கிறவர்களுக்கு. பயந்துபோய் ஓடிக் கட்டிவிடாதீர்கள், கட்டினால் ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆட்சேபணை எழுதிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. தற்காலிக ஆணை கைக்கு வந்த 30 நாளுக்குள் அதிகாரி விசாரித்து இறுதி ஆணை போட வேண்டும். ஒரு வாரம் ஏற்கெனவே போய்விட்டது.

ஆட்சேபணையில் என்ன எழுதுவது? முதலில் காலம். தவறான உபயோகம் எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால்தான் 12 மாதத்துக்குப் போடலாம், தெரிந்தால் அந்தக் காலத்துக்கு மட்டும். பையன் வந்தே 7 மாதம், தட்டு அடுக்கியது மூன்றாம் மாதம். பதிவான ஒப்பந்தத்தையும், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்த மின் பில்களையும் இணையுங்கள். எந்த ரீடிங்கில் யூனிட் திடீரென்று ஏறியது என்பதை உங்கள் கார்டே சொல்லும். 62,000 என்பது 12 மாதக் கணக்காக இருந்தால், பாதிக்கு மேல் குறைய வாய்ப்பிருக்கிறது.

அடுத்தது வகை. மதிப்பீடு, அந்த உபயோகத்துக்கு உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு. அப்படியானால் எந்தக் கட்டணம் என்பதில்தான் பணமே இருக்கிறது. நம் கட்டண ஆணையில் தோட்டக்கலை, காளான் வளர்ப்பு போன்றவற்றைத் தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். கீரை வளர்த்ததைக் கடை, ஆபீஸ் என்று வணிகக் கட்டணத்தில் போட்டிருந்தால் எந்த அடிப்படையில் என்று கேளுங்கள். (வீட்டோடு ஒட்டிய 200 சதுர அடிக்குள் வக்கீல், டாக்டர் போன்றவர்கள் ஆலோசனை அறை வைத்தால் வீட்டுக் கட்டணம்தான். கீரைக்காரருக்கு அந்தச் சலுகை இல்லை. சங்கடத்தோடு சொல்கிறேன், நான் அந்த 200 சதுர அடியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.)

மூன்றாவது, எனக்குப் பிடித்தது. 126ஆம் பிரிவு, தொகையை இணைப்புக்காரர் மட்டுமே கட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த உபயோகத்தால் 'பயன் அடைந்த வேறு எவரும்' என்ற சொற்களும் அதில் இருக்கின்றன. பயன் அடைந்தவர் யார், எந்த அறையில், எந்தத் தேதியில் இருந்து என்று ஒப்பந்தத்தோடு எழுதிக் கொடுத்து, அவரையும் விசாரிக்கக் கேளுங்கள். 'உங்க வீட்டுக்காரர் பேருக்குத்தானே' என்ற அவருடைய வாதம் சட்டத்தின் முன் நிற்காது.

இறுதி ஆணையிலும் நியாயம் கிடைக்காவிட்டால் 127ஆம் பிரிவில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 126 மதிப்பீட்டை அங்கே கொண்டுபோக முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது. சிவில் கோர்ட்டுக்கும் 145ஆம் பிரிவு கதவை அடைக்கிறது. அனுமதித்த லோடுக்கு மேல் இழுப்பதும் 126க்குள் வரும் என்று அதே நீதிமன்றம் 2011இல் ஓர் அரிசி ஆலை வழக்கில் சொல்லியிருக்கிறது. எனவே 'தொழில் இல்லை, சொந்தச் சாப்பாட்டுக்குத்தான் வளர்க்கிறான்' என்று பொய் சொல்லித் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஹோட்டல் பில் ஒன்று போதும்.

காலி செய்ய வைப்பது. முதலில், தவறான உபயோகத்தை நிறுத்தச் சொல்லி எழுத்தில் நோட்டீஸ். கேட்காமல் தொடர்ந்தால் வாடகை நீதிமன்றத்தில் மனு. வழி இருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் இன்னும் 4 மாதம்தான் பாக்கி, வழக்கு அதற்குள் முடியாது. பையன் ஏமாற்றுக்காரர் மாதிரியும் எனக்குத் தெரியவில்லை, கரண்ட் கணக்கு தெரியாமல் தொழில் தொடங்கியவர். அவர் தொடர வேண்டும் என்றால், தன் பெயரில், தன் செலவில், உரிய வகையில் தனி இணைப்பு வாங்கட்டும். நீங்கள் ஆட்சேபமில்லை என்று கடிதம் கொடுங்கள். நோட்டீஸ் தொகை, தனி வயரிங், விபத்து ஏற்பட்டால் ஈடு ஆகியவற்றை எழுதி ஒப்பந்தத்தைத் திருத்துங்கள். மாட்டேன் என்றால் 4 மாதம் முடிந்ததும் புதுப்பிக்காதீர்கள். அந்த வளர்ப்பு விளக்குகளின் ஊதா வெளிச்சத்தைப் பார்த்துத் தெருவில் கஞ்சா என்று பேச்சு கிளம்புவதற்கு முன், 24 மணி நேரம் முன்னதாக எழுதித் தெரிவித்துவிட்டு ஒரு முறை அரங்கைப் போய்ப் பாருங்கள். லெட்டூஸ்தான் என்று உங்கள் கண்ணாலும் தெரிந்திருக்கட்டும்.

இன்சூரன்ஸை ஆறுதல் என்று எழுதியிருக்கிறீர்கள். பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி தீயை ஏற்கும். ஷார்ட் சர்க்யூட்டில் கருகிய அந்தக் கருவியையோ ஃபிட்டிங்கையோ மட்டும் ஏற்காது, அதிலிருந்து பரவிய தீயை ஏற்கும். ஆனால் நீங்கள் எடுத்தது குடியிருக்கும் வீட்டுக்கு. பின்கட்டில் தொழில் நடப்பதைச் சொல்லாமல் விட்டால், கிளெய்ம் வரும்போது முதல் கேள்வியே அதுதான். இன்றே கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள். பையன் தன் பொருட்களுக்குத் தனியாகச் சிறுதொழில் பாலிசி எடுக்கட்டும்.

இன்னொன்று, கசப்பானது. சுவர் சுடுகிறது என்று எனக்கு எழுதிய நாளில் இருந்து, 'எனக்குத் தெரியாது' என்று சொல்லும் வாய்ப்பு உங்களுக்குப் போய்விட்டது. தீ விஷயத்தில் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாக இருப்பதை பாரதிய நியாய சன்ஹிதா 287ஆம் பிரிவு 6 மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. கம்பி மாற்றச் சொன்ன பையன்தான் முதலில் மாட்டுவார். தெரிந்தும் என்ன செய்தீர்கள் என்ற கேள்வி உங்களிடமும் வரும். சுவரோடு சுவர் ஒட்டிய தெரு உங்களுடையது, பக்கத்து வீட்டுக்காரர் நஷ்டஈடு கேட்டாலும் அதே கேள்விதான். அந்த வாட்ஸ்அப்பும் மெக்கர் அறிக்கையும்தான் உங்கள் பதில்.

கடைசியாக, இணைப்பு இன்னும் உங்கள் கணவர் பெயரில் இருப்பது. ஆட்சேபணையை நீங்களே, 'இடத்தில் வசிப்பவர், வாரிசு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் நகல்களோடு கொடுத்து, ஒரு பிரதியில் ஆபீஸ் சீலும் தேதியும் வாங்குங்கள். பெயர் மாற்ற விண்ணப்பத்தையும் அதே நாளில் போட்டுவிடுங்கள்.