50 மீட்டருக்கு மாறியதும் மகளின் புள்ளி சரிந்ததா? அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள்

அன்புள்ள அம்மா,

10 மீட்டர் ஏர் ரைஃபிளில் நன்றாகச் சுட்ட மகள், 50 மீட்டருக்குப் போனதும் எட்டும் ஒன்பதுமாகச் சுடுகிறாள், பிளஸ் டூ நெருங்குகிறது, விட்டுவிடச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். 10 மீட்டரில் கூரைக்குள் சுடும்போது காற்று என்ற பாடமே அவளுக்கு இல்லை. 50 மீட்டரில் தோட்டா வெட்டவெளியைக் கடந்து போகிறது. இனிமேல்தான் அதைப் படிக்கப் போகிறாள்.

கணக்கைப் பாருங்கள். 50 மீட்டரில் சுடும் .22 (புள்ளி இரண்டு இரண்டு அங்குல) தோட்டாவின் எடை சுமார் 2.6 கிராம். நொடிக்கு ஏறத்தாழ 330 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. பக்கவாட்டில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் காற்று வீசினாலே, முகத்தில் படுவதுகூடத் தெரியாத அந்தக் காற்று, 50 மீட்டருக்குள் தோட்டாவைச் சுமார் 6 மில்லிமீட்டர் தள்ளிவிடும். இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். தோட்டாவின் ஓரம் கோட்டைத் தொட்டாலும் புள்ளி உண்டு என்பதால், 6 மில்லிமீட்டர் விலகினாலும் பத்து கிடைத்துவிடும். காற்று 3 மீட்டர் வேகமானால் விலகல் 18 மில்லிமீட்டர். கை ஆடாமல், விசையைப் பிசகாமல் இழுத்திருந்தாலும் எட்டுதான் வரும்.

பிள்ளைகள் அதிகம் கோட்டைவிடுவது வேறு இடத்தில். காற்றுக்கு ஏற்றபடி சைட்டை, அதாவது குறிபார்க்கும் கருவியை, திருப்பி வைத்திருப்பார்கள். விசையை அழுத்தும் நொடியில் காற்று அடங்கிவிடும். தோட்டா காற்று வந்த பக்கமாகவே விலகிப் போய் அதே எட்டில் விழும். அடுத்து, அந்த ஒரு தோட்டாவை நம்பி சைட்டை மறுபடி திருப்புவார்கள். அங்கிருந்துதான் முழுத் தொடரும் குலைகிறது.

அதனால் அவள் முதலில் கற்க வேண்டியது காத்திருப்பதை. மண்டியிட்டு, படுத்து, நின்று சுடும் மூன்று நிலைப் போட்டியின் தகுதிச் சுற்றில் 60 தோட்டாவுக்கு ஒன்றரை மணி நேரம் தருகிறார்கள். அவசரம் இல்லை. புள்ளியில் சேராத சைட்டிங் (முன்னோட்ட) தோட்டாக்களைச் சுடும்போதே எந்தக் காற்று அடிக்கடி திரும்பி வருகிறது என்று பார்த்து, அந்த ஒன்றுக்கு மட்டும் சைட்டைச் சரிசெய்ய வேண்டும். காற்றைக் காட்டும் கொடி அதே கோணத்துக்கு வரும்போதுதான் சுட வேண்டும். 50 மீட்டர் ரேஞ்சில் கொடிகள் 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் நிற்கும். இரண்டும் வேறுவேறு திசையில் ஆடினால் ரைஃபிளைத் தோளிலிருந்து இறக்கிவிடுவதே நல்லது.

திசையைக் கடிகார முகப்பாக நினைக்கச் சொல்லுங்கள், இலக்கு 12 மணியில். 3 மணியிலிருந்தோ 9 மணியிலிருந்தோ வந்தால் முழுத் தள்ளல். 1 மணித் திசைக் காற்று அதில் பாதி தள்ளும். நேர் எதிரிலோ முதுகுப்புறமோ வந்தால் பக்க விலகல் அநேகமாக இராது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தோட்டாவை வலப்பக்கமாகச் சுழற்றி அனுப்பும் வலச்சுற்றுக் குழலில், வலப்பக்கமிருந்து வரும் காற்று தோட்டாவை இடப்பக்கம் தள்ளுவதோடு சற்று மேலேயும் ஏற்றும். இடப்பக்கமிருந்து வரும் காற்று வலப்பக்கம், சற்றுக் கீழே தள்ளும். இது தெரியாத பிள்ளை மேலே போன தோட்டாவுக்குத் தன் மூச்சைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும்.

வெயிலில் தரையிலிருந்து எழும் கானலும் காற்றைக் காட்டும். தொலைநோக்கியில் அது பக்கமாக ஓடினால் பக்கக் காற்று. நேராக மேலே கொதித்தால் காற்று இல்லை, அல்லது நேர்கோட்டில் வீசுகிறது. தோட்டாப் பெட்டி நிழலில் இருக்கட்டும். வெயிலில் காய்ந்த தோட்டாவின் வேகம் மாறும், படும் உயரமும் மாறும். போட்டிக்குப் பழகிய அதே லாட் எண் (ஒரே தயாரிப்புத் தொகுதி) தோட்டாவையே கொண்டுபோக வேண்டும்.

ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு பயிற்சியிலும் நேரம், வெயிலா மேகமா, கொடியின் கோணம், சைட்டை எத்தனை கிளிக் (திருகின் ஒரு படி) எந்தப் பக்கம் திருப்பினாள், தோட்டா எங்கே பட்டது, இவ்வளவும் எழுதட்டும். ஆறு மாதம் கழித்து பயிற்சியாளரோடு உட்கார்ந்து பாருங்கள். காற்று அடங்கிய நாளில் பழைய தரத்தில் சுட்டு, காற்று நாளில் மட்டும் சரிந்தால், அடித்தளம் உறுதி. பயிற்சியைத் தொடரலாம். காற்றே இல்லாத நாளிலும் சிதறினால் சிக்கல் நிலையிலோ விசையிலோ இருக்கிறது, அதைத் தனியே சரிசெய்ய வேண்டும்.

வேலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலையில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே மத்திய ரயில்வே ஊழியர். ரயில்வே, ராணுவம், காவல்துறை ஆகியவற்றில் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. ஆனால் அதற்கும் கல்வித் தகுதி கேட்பார்கள். ஆகவே பிளஸ் டூ தேர்வு மாதங்களில் 50 மீட்டர் பயிற்சியை வாரம் ஒரு நாளாகக் குறையுங்கள், வீட்டில் தோட்டா இல்லாமல் நிலைப் பயிற்சி மட்டும் நடக்கட்டும். ஏர் ரைஃபிளையும் விட வேண்டாம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அளவில் பெயரெடுத்தது அந்த 10 மீட்டரில்தான். எது தனக்குரியது என்பதை உங்கள் மகள் கல்லூரி முதல் ஆண்டில் முடிவு செய்தாலும் நேரம் இருக்கிறது.