கேம் வாங்க தள்ளுபடிக்குக் காத்திருக்கலாமா?

கேள்வி: கணினி கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரு புது கேம் 3,000 ரூபாய். இப்போதே வாங்கட்டுமா, தள்ளுபடி வரும்வரை பொறுக்கட்டுமா? தம்பி தன் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கன்சோலுக்கு பர்மா பஜாரில் பழைய டிஸ்க் வாங்கலாம் என்கிறான்.
– கல்லூரி மாணவர், தண்டையார்பேட்டை

பதில்: நண்பர்களோடு ஆன்லைனில் ஆடும் கேம் என்றால் இப்போதே வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து விலை குறையும்போது அவர்கள் வேறு கேமுக்குப் போயிருப்பார்கள். தனியாக ஆடும் கதை கேம் என்றால் தாராளமாகப் பொறுக்கலாம். அதற்குள் பேட்ச்கள் (திருத்தப் புதுப்பிப்புகள்) வந்து கோளாறுகளும் பெரும்பாலும் சரியாகியிருக்கும்.

ஸ்டீமின் பெரிய தள்ளுபடிகள் ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் வரும். கேமை விஷ்லிஸ்டில் போட்டுவையுங்கள், விலை இறங்கியதும் மின்னஞ்சல் வரும். 'ஸ்டீம்டிபி' தளத்தில் அதன் பழைய விலைகளைப் பாருங்கள். முன்பே 1,500-க்கு வந்த கேமை, 20 சதவீதத் தள்ளுபடி என்று 2,400-க்கு வாங்கவே வேண்டாம்.

வாங்கிய மறுவாரமே விலை குறைந்துவிட்டால்? 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்டுவிட்டு குறைந்த விலையில் மறுபடி வாங்கலாம். ஸ்டீமே இதை அனுமதிக்கிறது. கேம் திறந்து கிடக்கும் நேரமும் கணக்கில் சேரும், கவனம்.

கன்சோல் நிறுவனமான நின்டெண்டோவின் சொந்த கேம்களுக்குக் காத்திருந்து பெரிய பயனில்லை. விலை அதிகம் இறங்காது.

பழைய டிஸ்க் நல்ல யோசனைதான், ஆடி முடித்து விற்கவும் முடியும். ஆனால் தம்பியுடையது டிஸ்க் டிரைவ் இல்லாத டிஜிட்டல் எடிஷனா என்று முதலில் பாருங்கள். டிஸ்க் பெட்டிக்குள் இருக்கும் கூடுதல் உள்ளடக்கத்துக்கான குறியீடு (code) ஒருமுறைதான் செல்லும், பழைய டிஸ்க் என்றால் முன்பே பயன்படுத்தியிருக்கலாம். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.