வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குப் பங்கு உண்டா?

கேள்வி: என் கணவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டை நானும் மாமியாரும் இப்போதே பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம், பிறக்காத பிள்ளைக்கு ஏது பங்கு என்கிறார்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போடலாமா? நாங்கள் இந்துக்கள்.

பதில்: போடாதீர்கள். பிரசவம் வரை பொறுத்திருங்கள்.

உயிர் எப்போது தொடங்குகிறது என்பதற்கு நம் சட்டங்கள் ஒரே பதில் தருவதில்லை. கருக்கலைப்புச் சட்டம் வாரக் கணக்குப் பார்க்கிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு சில வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை அனுமதி. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலோ, சிசுவின் உடலில் ஒரு பகுதி வெளியே வந்துவிட்டாலே, அது மூச்சே விடாவிட்டாலும், அதைச் சாகடிப்பது கொலைக்குற்றமாகலாம். வாரிசுரிமைச் சட்டம் இந்த விவாதத்துக்குள்ளேயே போகவில்லை. 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவு கேட்பது இரண்டுதான்: தகப்பன் இறந்தபோது கருவில் இருந்ததா, பிறகு உயிரோடு பிறந்ததா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால், அவர் இறந்த தேதியிலிருந்தே பிள்ளைக்குப் பங்கு உண்டு.

ஆக உங்களுக்கு, மாமியாருக்கு, பிள்ளைக்கு ஆளுக்கு மூன்றில் ஒன்று. இரட்டைக் குழந்தை என்றால் நான்கில் ஒன்று. குழந்தை இறந்தே பிறந்தால்தான் நீங்கள் இருவரும் பாதிப் பாதி.

சிக்கல் வருவது, பிறந்து சற்று நேரத்தில் குழந்தை இறந்துபோனால். ஆண் என்றால் அதன் பங்கு முழுவதும் தாயான உங்களுக்கு. மொத்தத்தில் மூன்றில் இரண்டு. பெண் என்றால் அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 15(2) பிரிவின்படி அந்தப் பங்கு தகப்பனின் வாரிசுகளுக்குத் திரும்புகிறது. நீங்களும் மாமியாரும் சரிபாதி. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏன் இந்த வேறுபாடு என்றால், நியாயமான காரணம் எதுவும் இல்லை, சட்டம் அப்படி.

ஆகவே ஆவணம் முக்கியம். கணவர் இறப்பதற்கு முன் எடுத்த ஸ்கேன் அறிக்கை இருந்தால் பத்திரப்படுத்துங்கள். இறந்த தேதியில் கரு இருந்ததற்கு அதுவே நேரடிச் சான்று. வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது கர்ப்பத்தை எழுத்தில் தெரிவியுங்கள். பிரசவக் குறிப்பில் குழந்தை அழுததா, மூச்சு விட்டதா, இதயம் துடித்ததா என்பது பதிவாக வேண்டும். உயிரோடு பிறந்து இறந்த குழந்தையை 'இறந்தே பிறந்தது' என்று எழுதிவிட்டால், பின்னால் திருத்துவது பெரும்பாடு. அப்படி நேர்ந்தால் பிறப்பு, இறப்பு இரண்டையும் 21 நாளுக்குள் பதியச் சொல்லுங்கள்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்த பிறகும், அதன் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் நீங்களே விற்க முடியாது. விற்றால், பிள்ளை 18 வயதுக்குப் பின் அந்தக் கிரயத்தை ரத்து செய்யக் கோரலாம்.